முதிரையா, பெட்டிப் பலகையா

பெட்டிப் பலகையைச் சீவும்போது எழும் மணம், கற்பூரத்தையும் மண்ணெண்ணெயையும் ஒன்றாக மோந்ததுபோல மூக்கில் ஏறும். வெளிநாட்டு இயந்திரங்கள் வந்திறங்கும் பெட்டிகளை உடைத்து, அந்தப் பலகைகளை எங்கள் ஊரான நெல்லியடியில் 'மரக்காலை' என்னும் மரக்கடையில் கட்டுக்கட்டாக விற்பார்கள். ஏழு வயதில் நான் ஊன்றி நடப்பதற்கென்று செய்த முதலாவது 'தாங்குகட்டை' அந்தப் பலகையில் ஆனதுதான். அதற்கு முன்பு இரண்டு கிழமையாக எங்கள் வீட்டில் நடந்த சண்டை கொஞ்சநஞ்சமல்ல.

மூன்று வயதில் வந்த இளம்பிள்ளைவாதம் என் வலது காலைச் சூம்ப வைத்துவிட்டது. அப்பா பள்ளிக்கூடத்தில் மரவேலை படிப்பித்தவர். வன்மரம், மென்மரம் என்று கரும்பலகையின் நடுவே கோடு கிழித்து எழுதுகிறவர். வீட்டுக்கென்று எதைச் செய்தாலும் முதிரை என்னும் வன்மரத்தில்தான் செய்வார். எங்கள் வீட்டு 'வாங்கு' என்னும் நீள இருக்கையை நகர்த்த நாலு பேர் வேண்டும்.

"இஞ்ச பாரும், முதிரையெண்டால் வைரம் பாஞ்ச மரம். பிள்ளைக்குக் காலத்துக்கும் நிக்கும்" என்றார் அப்பா.

"காலத்துக்கும் ஏன் நிக்கோணும்?" என்று அம்மா சீறினார். "ஆவணிக்குள்ளை நடப்பாளெண்டு பரியாரியார் சொல்லிப்போட்டார். அதுவரைக்கும் நிண்டால் காணும்."

அப்பா மரத்தைப் பற்றியும் அம்மா என்னைப் பற்றியும் கதைக்கிறார்கள் என்று அன்று நினைத்தேன். இருவரும் என்னைப் பற்றித்தான் கதைத்தார்கள் என்பது விளங்கக் கனகாலம் எடுத்தது. கடைசியில் அப்பாதான் விட்டுக்கொடுத்தார்.

பலகையை அம்மாவே தெரிந்தெடுத்தார். பாரமில்லாததா என்று ஒற்றைக் கையால் தூக்கித் தூக்கிப் பார்த்தார். நடுவில் ஒரு கணு இருப்பதை அப்பா தொட்டுக் காட்டியபோது, "அது கிடக்கட்டும், வடிவாத்தானே இருக்கு" என்றார். கட்டை பஞ்சுபோல இருந்தது. கமக்கட்டு நோகாமல் பள்ளிக்கூடம் போய்வந்தேன். காலையும் மாலையும் நாட்டு வைத்தியரான பரியாரியாரின் எண்ணெயைத் தேய்த்துக்கொண்டே அம்மா நாளை எண்ணினார்.

ஆவணி வந்தது, போனது. அம்மா புரட்டாதி என்றார், பிறகு தை என்றார். மாசியில் ஒருநாள் காலைப் பிரார்த்தனைக்கு வரிசையில் போகும்போது, கட்டை அந்தக் கணுவிலேயே முறிந்து, நான் முகங்குப்புற விழுந்து, முன்பல் ஒன்று போயிற்று. அப்பா சொல்லிக் காட்டுவார் என்று பார்த்தேன். அவர் என் வாயைக் கழுவிவிட்டார்.

அடுத்த நாள் அப்பாவுக்குச் சொல்லாமல் அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு மரக்காலைக்குப் போனார். முதிரைத் துண்டொன்றை எடுத்து, விரல் முட்டியால் தட்டி, கணு இருக்கிறதா என்று முழு நீளத்துக்கும் தடவிப் பார்த்துவிட்டு, "இது எவ்வளவு காலம் நிக்கும்?" என்று கேட்டார்.

"அக்கா, உதைப்பற்றி யோசியாதேங்கோ" என்றார் கடைக்காரர் பெருமையாக. "பிள்ளையின்ரை சீவியகாலத்துக்கும் நிக்கும்."

அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு, "ஓம், அதையே தாங்கோ" என்றார். பல் போனதற்கு அழாத நான் அங்கே நின்று அழுதேன். நான் தனியே நடக்கப்போவதில்லை என்பது எனக்கு அந்த இடத்தில்தான் தெரிந்தது.

அப்பா அந்த முதிரையை முடிந்தவரை மெல்லிதாகச் சீவி, மேலே பழைய வேட்டித் துணி சுற்றித் தந்தார். அப்படியும் அது கனத்தது. இரண்டு வருடத்தின் பின்னும் அதில் ஒரு கீறல்கூட விழவில்லை, ஆனால் என் விலா எலும்புக்குமேல் எட்டவில்லை. மரம் எவ்வளவு காலம் நிற்கும் என்று சண்டை பிடித்த இரண்டு பேருக்கும், பிள்ளை வளரும் என்பது மறந்துபோயிருந்தது. கட்டையை என் பக்கத்தில் நிறுத்திப் பார்த்த அம்மா விழுந்து விழுந்து சிரித்தார்.

"இஞ்சருங்கோ, வந்து பாருங்கோ! உங்கடை முதிரை அப்பிடியே நிக்குது, பிள்ளையெல்லோ வளர்ந்திட்டாள்!"

இப்போது நான் ஊன்றுவது அலுமினியத்தில் செய்தது. பொத்தானை அமர்த்தினால் நீளும், குறையும். மருந்துக்கடையில் இருந்த பெண் ஐந்து நிமிடத்தில் எடுத்துத் தந்துவிட்டாள். மரக்காலை இருந்த இடத்தில் கைத்தொலைபேசிக் கடை வந்துவிட்டது. அதற்காக நான் பெருமூச்சு விடப்போவதில்லை. முதிரையின் பாரம் அதைச் சுமந்தவளுக்குத்தான் தெரியும். ஆனால், இது எனக்கு எவ்வளவு காலம் தேவைப்படும் என்று சண்டை பிடிக்க வீட்டில் இப்போது ஒருவரும் இல்லை.