உறை ஊற்றிய தொட்டி

எனக்குப் படிப்பு கிடையாது. அதனால் என்ன, என் மகளைப் பற்றிச் சொல்ல வாய் இருக்கிறது.

கூடுவாஞ்சேரியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் கழிவுநீர்த் தொட்டியை அவள்தான் பார்த்துக்கொள்கிறாள். தொட்டிக்குள் மிஷின் காற்றை ஊதிக்கொண்டே இருக்கும். அந்தக் காற்றில் வாழும் பாக்டீரியாக்கள், மூத்திர நெடியடிக்கும் அமோனியாவை நைட்ரேட்டாக மாற்றிவிடும். அந்தத் தண்ணீர்தான் தோட்டத்துக்கு. அங்கே ஒரு நந்தியாவட்டை நிற்கிறது, என்ன பூ! சரி, அதை விடுங்கள்.

போகிக்கு எல்லா வீட்டிலும் ஆசிட்டும் பினாயிலும் ஊற்றிக் கழுவினார்கள். அத்தனையும் தொட்டிக்கு வந்ததில் பாக்டீரியாக்கள் செத்து, நெடி மூக்கைத் துளைத்தது.

குடியிருப்போர் சங்கச் செயலாளர் மகளிடம் கத்தினார். "இன்னாம்மா, ஒரே பேஜாரா கீது! இந்த மாசத்துக்குள்ள சரியாவலன்னா வேற ஆள வெச்சுக்கறோம்."

மகள் பக்கத்துக் குடியிருப்புத் தொட்டியிலிருந்து சகதியை டிரம்மில் வாங்கி வந்து கொட்டினாள்.

"இன்னாடி, உறைமோர் வாங்கினு வர மாதிரி வாங்கினு வர்ற?" என்று கேட்டேன்.

"அதேதாம்மா. அந்தத் தொட்டி பாக்டீரியா இதுல கீது. இனிமே காத்து நிக்காம பாத்துகினா போதும், பெருகிடும்."

மாதக் கடைசியில் செயலாளர் முன்னாலேயே தொட்டித் தண்ணீரைச் சோதித்தாள். அமோனியா இருந்தால், சோதனை மருந்து விட்டதும் தண்ணீர் மஞ்சளாகுமாம். விட்டும் நிறம் மாறவில்லை. அவர் குனிந்து மோந்து பார்த்தார்.

"நாத்தமே இல்லியேம்மா! அடுத்த போகிக்கு ஆசிட் ஊத்தாதீங்கன்னு நானே வூடு வூடா சொல்றேன்."

அன்று அந்தக் குடியிருப்பு லிஃப்டில் ஏறியவர்களிடமெல்லாம், "தொட்டிய சரி பண்ணது எம்பொண்ணுதான்" என்று சொல்லிக்கொண்டே மேலும் கீழும் போய்வந்தேன்.