இராசமலர் அக்காவும் அமெரிக்கா கொடுக்காத வாக்கும்

சென்ற செவ்வாய்க்கிழமை முற்பகல், ஜெனீவாவிலிருந்து கொஞ்சம் தள்ளியுள்ள ரெனானில் ரயில் பெட்டிகள் துப்புரவாக்கும் இடத்தில் வேலையாக நின்றபோது லாங்கன்தாலிலிருந்து சுமதி அழைத்தாள். "மாமா, அம்மா எங்களை விட்டிட்டுப் போட்டா" என்றாள். "எப்ப பிள்ளை?" என்று கேட்டேன். "இப்பதான். விடிய தேத்தண்ணி குடிச்சவ. பிறகு நேர்ஸ் வந்து பார்க்கேக்க..." என்றாள். கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு, பொறுப்பாளரிடம் சொல்லிக்கொண்டு அடுத்த ரயிலில் ஏறினேன்.

சுமதியின் தாயார் இராசமலர் அக்கா லாங்கன்தாலில் ஒரு வயோதிபர் இல்லத்தின் சலவைக் கூடத்தில் வேலை செய்தவர். யுத்தம் முடிந்த பிறகு, ஏற்கெனவே இங்கே இருந்த கணவரிடம் மகளுடன் வந்து சேர்ந்தார். கணவர் சில வருடங்களில் காலமாகிவிட்டார். அக்காவுக்கு ஒரு மகனும் உண்டு. பெயர் கபிலன். யுத்தத்தின் கடைசி நாட்களில் சனத்தோடு இராணுவத்தின் பக்கம் வந்தபோது, ஒரு நாள் விசாரணைதான், பெயரைப் பதிந்துவிட்டு அனுப்பிவிடுவோம் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். கபிலன் தயங்கினான். "பயப்பிடாத, போ. அம்மா இதிலதான் நிக்கிறன்" என்று முதுகில் கைவைத்து அனுப்பியவர் அக்காதான். அவனுக்கு அப்போது பத்தொன்பது வயது. பேருந்தில் ஏற்றியதைக் கண்ணால் கண்டார். அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை.

என் மகன் எங்கே? இந்த ஒரு கேள்விக்கு மறுமொழி வாங்கத்தான் அவர் ஒவ்வொரு மார்ச் மாதமும் ஜெனீவாவுக்கு வந்தார். அங்கே நாடுகள் கூடி மனித உரிமைகள் பற்றிக் கதைக்கும் சபை அப்போதுதான் கூடும். லாங்கன்தாலிலிருந்து அவர் ஏறி வருவார், நான் லொசானில் சேர்ந்துகொள்வேன். அங்கே என் வேலை மொழிபெயர்ப்பு. ஊரில் அரசாங்கக் கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்தபோது படித்த ஆங்கிலம், இங்கே அவருக்கு உதவியது. இடியப்பமும் சம்பலும் பொதியில் இருக்கும். "சாப்பிட்டிட்டுக் கதை, தம்பி. வெறும் வயித்தோட இங்கிலிசு கதைச்சால் அவைக்கு விளங்காது" என்பார்.

ஒரு வருடம், அமெரிக்கா அந்தச் சபையில் எங்களுக்காகத் தீர்மானம் கொண்டுவரப்போகிறது என்று செய்தி வந்தது. எங்கள் ஆட்களுக்குக் கால் நிலத்தில் படவில்லை. கூட்ட நாளில் சிலர் சபை வாசலில் அமெரிக்கக் கொடியோடு வந்து நின்றார்கள். நானும் ஒன்றைப் பிடித்தேன், மறைக்க என்ன இருக்கிறது? அன்று பின்னேரம் ஒரு சிறிய அறையில், காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மாரை அமெரிக்கத் தூதுக்குழுவைச் சேர்ந்த ஹெலன் என்ற பெண்மணி சந்தித்தார். அக்கா கபிலனின் படத்தை மேசையில் வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னார். ஹெலனின் கண் கலங்கியது, அதில் பொய் இல்லை. பிறகு ஆங்கிலத்தில் சொன்னார்: இந்த விடயத்தை எங்கள் அரசாங்கம் மிகுந்த கரிசனையோடு பார்க்கிறது, தொடர்ந்து கவனத்தில் வைத்திருக்கும்.

அக்கா என் முகத்தைப் பார்த்தார். "என்ன சொல்லுறா?"

அந்த முகத்துக்கு முன்னால் கரிசனை, கவனம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. "மகனைத் தேடித் தருவினமாம் அக்கா. விடமாட்டினமாம்" என்றேன்.

அவர் எழுந்து ஹெலனின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஹெலனும் அவரை அணைத்துக்கொண்டார். நான் ஒரு நல்ல காரியம் செய்துவிட்டதாக அன்று நினைத்தேன்.

தீர்மானம் நிறைவேறிய அடுத்த வெள்ளிக்கிழமை அக்கா என்னைத் திரிம்பாக் கோயிலுக்கு வரச்சொன்னார். அர்ச்சனைத் தட்டோடு நின்றவர், "ஹெலன் எண்ட பேருக்கு, ஐயா" என்றார். ஐயர் அசரவில்லை. "நட்சத்திரம்?" என்று கேட்டார். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். அமெரிக்க இராஜதந்திரியிடம் பிறந்த நாள் கேட்க நான் எங்கே போவேன்? கடைசியில் பெயரின் முதல் எழுத்தை வைத்து, கடக ராசி, பூச நட்சத்திரம் என்று ஐயரே ஒன்றைப் பொருத்தினார். அன்றிலிருந்து வெள்ளி தவறாமல் பூச நட்சத்திரத்து ஹெலனுக்கு அர்ச்சனை நடந்தது. நான் அக்காவைச் சீண்டுவேன்: "என்ர பேருக்கு ஒருநாளும் செய்யேல்லை." "உனக்கு என்னத்துக்கு? நீ என்ன வல்லரசோ?" என்பார்.

அக்காவின் நம்பிக்கை அவரோடு நிற்கவில்லை. கிளிநொச்சியில் தேவி என்ற தாய், காணாமல் ஆக்கப்பட்ட தன் மகனைப் பற்றி வாக்குமூலம் கொடுக்கப் பயந்துகொண்டிருந்தார். அக்கா தொலைபேசியில் கதைத்துக் கதைத்து அவரை இணங்க வைத்தார். "அமெரிக்கன் வாக்குத் தந்திருக்கிறான், தேவி. என்ர காதால கேட்டனான்" என்று அவர் சொன்னபோது நான் பக்கத்தில் இருந்தேன். வாயைத் திறக்கவில்லை. வாக்குமூலம் ஜெனீவாவுக்குப் போனது. சில மாதங்களில் தேவியின் வீட்டுக்குப் புலனாய்வு ஆட்கள் வந்து விசாரித்தார்கள். மீண்டும் மீண்டும் வந்தார்கள். தேவி அக்காவின் அழைப்புகளை எடுப்பதை நிறுத்திவிட்டார்.

இதற்கிடையில் கொழும்பில் ஆட்சி மாறியது. வாஷிங்டனுக்குப் பிடித்த ஆட்சி. அடுத்த தீர்மானத்தை அமெரிக்காவும் இலங்கை அரசும் சேர்ந்தே கொண்டுவந்தன. பிறகு இலங்கைக்குக் கால அவகாசம், அதற்குப் பிறகு இன்னொரு அவகாசம். ஹெலன் வேறு நாட்டுக்கு மாற்றலாகிப் போய்விட்டார். எனக்கு இதில் கோபம் கொதிக்கிறது. இலங்கையின் கடலும் துறைமுகமும் யார் பக்கம் சாயும் என்பதுதான் அவர்களுடைய கணக்கு. எங்கள் தாய்மாரின் கண்ணீர் அதற்குப் பயன்பட்ட வரையில் மைக்கைத் தந்தார்கள், பயன் முடிந்ததும் வாங்கி வைத்துவிட்டார்கள். நன்றாக நம்பவைத்துக் கழுத்தறுத்தார்கள்.

பிறகு ஒருநாள், அந்தச் சபையே வேண்டாம் என்று அமெரிக்கா எழுந்து போனது. நான்தான் அக்காவுக்குத் தொலைபேசியில் சொன்னேன்.

"எங்கட பிரச்சினையிலயோ போனவை?" என்று கேட்டார்.

"இல்லை அக்கா. அது வேற ஒரு நாட்டின்ர விசயம்."

"அப்ப, போகேக்க எங்களை நினைக்கக்கூட இல்லை" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னை வீட்டுக்கு அழைத்து, ஹெலனுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும் என்றார். அவர் சொல்லச் சொல்ல நான் தமிழில் எழுதினேன். 'அம்மா, என் மகனைத் தேடித் தருவேன் என்று நீங்கள் எனக்கு வாக்குத் தந்தீர்கள். அந்த வாக்கை நம்பித்தான் இன்னொரு தாயையும் பேசவைத்தேன்.' இதை ஆங்கிலத்தில் ஆக்க வேண்டும். பேனையைக் கீழே வைத்தேன். ஹெலன் கொடுக்காத வாக்கை ஹெலனிடம் எப்படிக் கேட்பது? வேறு வழியில்லாமல், அன்று அந்த அறையில் நடந்ததை அக்காவிடம் சொன்னேன். ஹெலன் என்ன சொன்னார், நான் என்ன சொன்னேன் என்று ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன்.

அவர் கடிதத்தை எடுத்து நாலாக மடித்தார்.

"அமெரிக்கன் ஏமாத்தினால் ஏமாத்தட்டும். அவன் ஆரோ, நான் ஆரோ. நீ என்ர சாப்பாட்டைச் சாப்பிட்டனீ. உன்ர வாயால வந்த பொய்யை நான் கொண்டுபோய்த் தேவிக்குக் குடுத்தன். அண்டைக்கு என்ர பிள்ளையையும் ஆரோ சொன்னதை நம்பித்தானே அனுப்பினனான்?"

நான் மன்னிப்புக் கேட்டேன். "போட்டு வா" என்றார். சுமதி வாசல்வரை வந்து கதவைச் சாத்தினாள்.

மாதக்கணக்காக அக்கா என்னோடு கதைக்கவில்லை. அடுத்த பெப்ரவரியில் அவரே அழைத்தார். சுகம் விசாரிக்கவில்லை. "மார்ச் வருது. வருவியோ?" என்றார். "வாறன் அக்கா" என்றேன். "வா. அவை சொல்லுறதை மட்டும் சொல்லு. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். எனக்குத் தாங்கும்" என்றார்.

அதன் பிறகு அப்படியே செய்தேன். அமெரிக்கா சபைக்குத் திரும்பி வந்தது, மறுபடியும் விலகிப் போனது. அக்கா ஒவ்வொரு மார்ச்சும் போனார், படத்தை மேசையில் வைத்தார். கடைசியாகப் போன தடவை, வேறொரு நாட்டின் இளம் அதிகாரி இரண்டு நிமிடம் கேட்டுவிட்டு எழுந்தார்.

"என்ன சொன்னவர்?"

"குறிச்சுக்கொண்டாராம், அக்கா."

"வேற?"

"வேற ஒண்டும் இல்லை."

தலையை ஆட்டிவிட்டு, படத்தைத் துடைத்துப் பைக்குள் வைத்தார். என்னை அவர் முழுதாக மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது, கேட்கத் துணிவும் இருக்கவில்லை. ஆனால் திரும்பி வரும் ரயிலில் இடியப்பப் பொதியை எனக்குத்தான் முதலில் நீட்டினார்.

நேற்று அவருடைய இறுதிக் கிரியை நடந்தது. ஐயர் தர்ப்பையை எடுத்துவைத்துவிட்டு, வழக்கமாகக் கேட்பதைக் கேட்டார்: "கொள்ளி வைக்க மகன் இருக்கிறாரோ?"

மண்டபம் நிறைய ஆட்கள். ஓம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. சுமதி என்னைத் திரும்பிப் பார்த்தாள். பின்னால் ஒருவர், "இல்லையெண்டு சொல்லுங்கோவன், நேரம் போகுது" என்று முணுமுணுத்தார்.

"தெரியாது, ஐயா" என்றேன்.

ஐயர் தர்ப்பையைச் சுமதியின் விரலில் போட்டார். பெட்டி தகன அறைக்குள் போகும்போது அவள்தான் முன்னால் நின்றாள்.

அக்கா, நிம்மதியாகப் போங்கள் என்று உங்களுக்குச் சொல்ல நான் யார்? உங்கள் கேள்விக்கு இன்னும் ஒருவரும் மறுமொழி சொல்லவில்லை. மார்ச் மாதம் சுமதி ஜெனீவாவுக்குப் போகிறாள். நானும் கூடப் போகிறேன்.