ஒன்பதாவது இசையில் அக்கம்மாள் அத்தையின் குலவை

அக்கம்மாள் அத்தை என் அப்பாவின் தங்கை. கல்லலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். நடவு, களையெடுப்பு, அதுவும் இல்லாவிட்டால் நூறு நாள் வேலை. ஊரில் அவளுக்கென்று ஒரு பெருமை உண்டென்றால் அது குலவைதான். முளைப்பாரி தூக்கும் அன்று அம்மன் கோவில் வாசலில் முதல் குலவை அவளுடையது. மூன்று தடவை போடுவாள். அதற்குப் பிறகுதான் மற்ற பெண்கள் வாயைத் திறப்பார்கள், முளைப்பாரி தலைக்கு ஏறும். பதினேழு வருஷமாக அப்படித்தான். “அந்த மூணு குலவைக்காகத்தாண்டா வருசம் பூரா குனிஞ்சு நாத்து நடுறேன்” என்பாள்.

அதில் மண்ணை அள்ளிப் போட்டவன் நான்.

காரைக்குடியில் கல்யாண வீடியோ எடுப்பது என் பிழைப்பு. போன வருஷம் சென்னையிலிருந்து ஒரு சினிமா ஒலிப்பதிவுக் கூட்டம் வந்தது. வானத்தில் பறந்து ஊரைக் காப்பாற்றும் வீரன் படமாம். அதன் இசைக்கு இந்தப் பக்கத்துச் சத்தங்கள் வேண்டுமாம். குலவை என்றார்கள். நான் சும்மா இருந்திருக்கலாம். “எங்க அத்தை இருக்காக சார்” என்று முந்திரிக்கொட்டை மாதிரி முந்திக்கொண்டேன்.

வலையபட்டியில் ஒரு பெரிய வீட்டின் முகப்பில் மைக்கை நட்டார்கள். “நல்லா சந்தோசமாப் போடுங்கம்மா” என்றார் ஒலிப்பதிவுக்காரர். அத்தை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு போட்டாள். தூணில் இருந்த புறாவெல்லாம் பறந்துவிட்டது. அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அதை என் கேமராவிலும் எடுத்து வைத்தேன்.

படம் வருவதற்கு முன்பே இசைத் தொகுப்பு வெளியானது. மொத்தம் பதினான்கு. அத்தை மகள் சத்தியப்பிரியா கல்லூரியில் படிக்கிறாள்; அவள்தான் கண்டுபிடித்துப் போன் செய்தாள். ஒன்பதாவதில் அத்தை குரல். அதற்கு வைத்திருந்த பெயர் ‘தாயின் சிதை’.

வீரனுடைய அம்மா சாகிற இடமாம். பத்து வயலின் இழுக்கிறது, நடுவில் அத்தையின் குலவை. அதையும் வேகத்தைக் குறைத்து, நீட்டி, கிணற்றுக்குள்ளிருந்து யாரோ கத்துவதுபோல் ஆக்கியிருந்தார்கள். எங்கள் ஊரில் எழவுக்கு ஒப்பாரி, நல்லதுக்குக் குலவை. இரண்டையும் யாரும் கலந்ததில்லை.

கீழே கருத்துகளைப் படித்தேன். படித்திருக்கக் கூடாது. ‘இரண்டாவது நிமிடத்தில் அழுதுவிட்டேன்.’ ‘ஹெட்போன் போட்டுக் கேளுங்கள், உயிரே போகும்.’ ‘எங்கள் தாத்தா இறந்த அன்று இதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டேன்.’ ஒருவர் அதை ஏதோ பாலைவனத்துப் பறவையின் சத்தம் என்றார். இன்னொருவர் கம்ப்யூட்டரில் செய்தது என்று அடித்துச் சொன்னார். இரண்டு பேரும் நாற்பது பதிலுக்குச் சண்டை போட்டிருந்தார்கள்.

பொறுக்க முடியாமல் நானும் எழுதினேன்: ‘இது எங்கள் அத்தை. சாவுக்குப் போட்டதில்லை, சந்தோஷத்துக்குப் போட்டது.’ வந்த ஒரே பதில்: ‘ப்ரோ, இசைக்கு எல்லை கிடையாது. முதலில் உணருங்கள்.’ கூடவே ஒரு கும்பிடு. போனைத் தூக்கி எறியலாம் போல இருந்தது. ஒலிப்பதிவுக்காரரைக் கூப்பிட்டால், “மெதுவா ஓட்டிப் பாத்தோம், செம ஃபீல் சார். அம்மாகிட்ட வாழ்த்து சொல்லுங்க” என்றார்.

வாழ்த்தை நான் சொல்லவில்லை. ஆனால் ஒரே வாரத்தில் ஊர்ப் போன் எல்லாவற்றிலும் அது ஓடியது. சின்னப் பெண்கள் காலையும் மாலையும் அதையே கேட்டார்கள். பெரியவர்களுக்கு வேறு கணக்கு. முளைப்பாரிக்கு விதை போடக் கூடியபோது சீதை ஆரம்பித்தாள். அத்தைக்கு அடுத்த குலவை அவளுடையது.

“கோவிச்சுக்கிராதீக அக்கா. எழவுக்குக் குலவை போட்ட வாயி. அம்மனுக்கு முன்னாடி அதையே எப்படித் தொறக்கிறது?”

அத்தை வீட்டுக்கு வந்து என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

“ஏண்டா முத்து, சந்தோசமாப் போடச் சொன்னாகளா இல்லையா?”

“சொன்னாக அத்தை.”

“அப்ப நான் செஞ்சது தப்பா?”

வேலியில் போன ஓணானைப் பிடித்து அவள் மடியில் விட்டது நான். மறுநாளே என் கேமராவையும் ஒரு டிவியையும் தூக்கிக்கொண்டு போய்க் கோவில் வாசலில் வைத்தேன். வலையபட்டியில் எடுத்ததை எல்லாப் பெண்களுக்கும் போட்டுக் காட்டினேன். “சந்தோசமாப் போடுங்கம்மா” என்ற குரல், அத்தையின் குலவை, பறக்கிற புறா, அவள் சிரிப்பு. கூட்டமும் சிரித்தது. சீதை மூக்கைச் சிந்தினாள்.

“அவுகதான் மாத்திப்பிட்டாக. அக்கா மேல என்ன குத்தம்? அக்காவே போடட்டும்.”

கெட்டிக்காரன்தான் நான் என்று எனக்கே ஒரு நினைப்பு வந்தது.

முளைப்பாரி அன்று சாயங்காலம் அறுபது பெண்கள் வரிசையில் நின்றார்கள். அரக்குச் சேலையில் அத்தை முன்னால், பக்கத்தில் சத்தியப்பிரியா. நான் கேமராவோடு எதிரே நின்றேன். அத்தை கண்ணை மூடி, அம்மனைக் கும்பிட்டு, முதல் குலவையைப் போட்டாள். பழைய அத்தை, பழைய குரல். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அவள் கண்ணைத் திறந்தபோது சத்தியப்பிரியாவின் கன்னம் நனைந்திருந்தது. அவளுக்குப் பின்னால் நின்ற பெண்ணும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அதற்கும் பின்னால், தாவணி கட்டிய பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் தலையைக் குனிந்திருந்தார்கள்.

“ஏண்டி அழுகுற?” என்றாள் அத்தை.

“தெரியலம்மா. குலவையக் கேட்டதும் தன்னால வருது.”

அத்தை மகளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். இன்னும் இரண்டு குலவை பாக்கி. ஊரே காத்திருந்தது.

“சீதை, நீ போடு” என்றாள்.

சீதைக்கு மூச்சு பத்தாது. பாதியில் அறுந்து அறுந்து இரண்டையும் அவள் போட்டு முடித்தாள். அத்தை முளைப்பாரியைத் தலையில் ஏற்றி, ஊருணி வரைக்கும் வாயைத் திறக்காமல் நடந்தாள்.