பெருக்குமுன் வகுத்தவள்

கம்ப்யூட்டர் படித்த மதலேனாள் மில்லுக்கு வேலைக்கு வந்ததிலிருந்து பொன்னுராஜுக்குச் சோறு இறங்கவில்லை.

தேனிக்கு வெளியே இருந்த அந்த நூற்பாலையில் எலெக்ட்ரீஷியனாக இருந்தவன், கம்ப்யூட்டர் வந்திறங்கியதும் தானே படித்துப் பழகிக்கொண்டான். நூற்பு மெஷின்களின் ஓட்டக் கணக்கைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுவரும் டிரைவர் புரோகிராம் அவன் எழுதியது. 1987இல் புது ஷெட் எழும்பியபோது, அதுவும் தன் பொறுப்புத்தான் என்று வீட்டில்கூடச் சொல்லிவிட்டான். மேனேஜர் சுயம்புலிங்கமோ, "ரெண்டு பேருமே எழுதுங்க. யாரோடது நல்லா ஓடுதோ அவுகளுக்கு ஷெட்டு" என்றார்.

பொன்னுராஜ் அவளுடைய புரோகிராமை எட்டிப் பார்த்தான். ஒரு மெஷினுக்கு 512 பைட் மெமரி வேண்டும். அதை மெஷின் எண்ணிக்கையால் பெருக்குவதற்கு முன்பே, அந்தக் கம்ப்யூட்டர் ஒரு கணக்கில் தாங்கும் உச்ச அளவான 65,535ஐ 512ஆல் வகுத்து, எண்ணிக்கை அதற்குள் அடங்குகிறதா என்று சோதித்திருந்தாள்.

"பெருக்குறதுக்கு முன்னாடி வகுக்குறியாத்தா? வாசல் தெளிக்கிறதுக்கு முன்னாடி கோலம் போடுவ போலயே!"

"குமுளி ஜீப்புல மீட்டரு நெறைஞ்சா சைபருக்கு வந்துருமில்லண்ணே, அது மாதிரிதான். அளவு மீறுனா கம்மியாக் காட்டிரும்."

"இருக்கிறது அறுபத்தஞ்சு மெஷினு. எங்கன மீறப்போகுது?"

ஓட்டிப் பார்த்த அன்று மேஸ்திரி முத்துவீரன் மெஷின் எண்ணிக்கைக்கு 130 என்று தட்டினார். மில்லில் ஆளுக்கு வேலை பிரிப்பது மெஷினின் பக்கத்தை வைத்து. ஒன்றுக்கு இரண்டு பக்கம். அவர் பக்கங்களை எண்ணியிருந்தார். பொன்னுராஜின் பெருக்கல் 66,560ஐத் தாங்காமல் சுற்றி 1,024இல் வந்து நின்றது. இரண்டு மெஷினுக்கான இடத்தில் 130க்கும் எழுதப்போய், பக்கத்து மெமரியை எல்லாம் அழித்து, திரை உறைந்துபோனது. மதலேனாளுடையது 'இடம் போதாது' என்று சொல்லி ஒழுங்காக நின்றது.

வயிற்றெரிச்சலோடு அவள் புரோகிராமை வரி வரியாகத் துருவினான். அகப்பட்டது. தேதி, ஷிப்ட் விவரங்களுக்கான 600 பைட்டைப் பெருக்கிய பிறகு கூட்டியிருந்தாள். அந்தக் கூட்டலுக்குச் சோதனை இல்லை. மறுநாள் மேனேஜரைக் கூட்டிவந்து நிறுத்தினான்.

"இப்ப 127 போடுத்தா, பாப்போம்."

127 அவள் சோதனையில் தேறிவிட்டது; 600 சேர்ந்ததும் அளவு மீறித் திரை உறைந்தது. மதலேனாள் உடனே உட்கார்ந்து, 600ஐ முதலில் கழித்துவிட்டு மிச்சத்தை வகுத்தாள். மறுபடி 127. 'இடம் போதாது'.

"அண்ணே சொல்லலைன்னா தெரிஞ்சிருக்காது சார்."

"நீ சொல்லி வாய மூடல பொன்னுராஜு, திருத்திப்புட்டா பாரு!" என்றார் சுயம்புலிங்கம். "ஷெட்ட இவகிட்டயே குடுத்துருவோம்."

அன்று மாலை பொன்னுராஜ் தன் பழைய ஷெட் புரோகிராமைத் திறந்தான். கழித்தான், வகுத்தான், பிறகுதான் பெருக்கினான். அவளைப் பார்த்துச் செய்தது என்று யாரும் சொல்லிவிடக் கூடாதென்று உள்ளே எண்களுக்கு வைக்கும் பெயர்களை மட்டும் மாற்றி வைத்தான்.

பஸ்ஸுக்குக் கிளம்பிய மதலேனாள் திரையை ஒரு பார்வை பார்த்தாள்.

"கோலம் போட்டாச்சாண்ணே?"