எனுகு மண்ணை விட்டு வந்த மங்கை அக்கா

திங்கட்கிழமை முதற்பாட மணிக்குச் சற்று முன் பாடசாலை அலுவலகத்திலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். தொலைபேசியில் மங்கை அக்காவின் கணவர். "தம்பி, மங்கை விடியப்புறம் போயிட்டா. அவவின்ர வகுப்புக்கு ஆரையேன் விடச் சொல்லுங்கோ" என்றார். தொலைபேசியை வைத்துவிட்டார்.

டண்டினோங் பாடசாலையில் நான் கணிதம், அக்கா புவியியல். யாழ்ப்பாணத்திலிருந்து நைஜீரியா போய், எனுகு என்ற நிலக்கரி நகரத்தில் படிப்பித்துவிட்டு மெல்பேர்ன் வந்தவர். நைஜீரியாவின் வரைபடத்தை எதையும் பாராமலே கரும்பலகையில் கீறுவார். மேற்கிலிருந்து நைஜர் ஆறு, கிழக்கிலிருந்து பெனுவே ஆறு, இரண்டும் லொகோஜாவில் கலந்து கடலுக்கு இறங்கும். நாட்டின் எல்லைக்கோட்டை மட்டும் கடைசியில் போடுவார். "இது பிரிட்டிஷ்காரன் கீறினது. உள்ளுக்க இருந்த சனத்திட்ட ஒருத்தரும் கேக்கேல்லை" என்பார்.

நைஜீரியாவின் உள்நாட்டுப் போர் முடிந்து சில ஆண்டுகளாகியும், பட்டினியால் வயிறு வீங்கிய ஒரு பிள்ளையின் படம் எங்கள் பாடசாலை நடையில் தொங்கியது. நிதி சேர்க்க யாரோ ஒட்டியது. அக்கா அதிபரிடம் போய்ப் பேசி, அதைத் தன் கையாலேயே கழற்றினார். அன்று ஆசிரியர் அறையில் யாரும் அவரோடு கதைக்கவில்லை. தேநீரைக் குடிக்காமலே வைத்துவிட்டுப் போனார்.

அன்று மாலை வீடு திரும்பும் ரயிலில்தான் படத்தைக் கழற்றிய காரணத்தை என்னிடம் சொன்னார். எனுகுவில் அவருக்கு ஒரு பெண் குழந்தை பிறந்து, நடக்கத் தொடங்கும் வயதில் காய்ச்சலில் இறந்துபோனது. அடக்கம் செய்து அதிக காலமாகவில்லை. போர் வரப்போகிறது, வெளிநாட்டவர் போய்விடுங்கள் என்றார்கள். ஒனிட்சாவில் பாலத்தால் நைஜரைக் கடந்து லாகோசுக்குப் போனார்கள். அந்தப் பாலத்தைப் பிறகு தகர்த்துவிட்டார்கள்.

"நாங்கள் ஓடி வந்திட்டம். அவள் அங்க தனிய. அதுக்குப் பிறகு அந்த மண்ணில எத்தினை பிள்ளையளைத் தாட்டிருப்பினம்? என்ர பிள்ளையின்ர இடம் இனி ஆருக்குத் தெரியும்?"

 

ஒருமுறையாவது திரும்பிப் போக நினைத்திருந்தார். நோய் முந்திக்கொண்டது.

ஸ்பிரிங்வேலில் தகனம் முடிந்து வெளியே வந்தபோது குளிர்மழை. அவரை அறிந்த, இதை வாசிக்கும் நீங்கள் பலரும் அங்கே நின்றீர்கள். பிள்ளைகள் இல்லாத தம்பதி என்று யாரோ இரக்கத்தோடு சொன்னார்கள். அவர் கணவர் தலைகுனிந்து நின்றார்.

எனுகுவில் பிறந்த அந்தக் குழந்தைக்கு அக்கம்பக்கத்து இக்போ இனப் பெண்கள் வைத்த பெயர் ங்கோசி. அவர்கள் மொழியில் ஆசீர்வாதம் என்று பொருளாம். மங்கை அக்காவிடமிருந்து என்னிடம் எஞ்சியிருப்பது அந்தப் பெயர்தான். இன்று அதை உங்களுக்கும் சொல்லிவிட்டேன்.