சுவரைத் தள்ளி வைத்தவள்

"கதவைச் சாத்துங்க, தூசி வருது" என்றது பக்கத்து அறையிலிருந்து ஒரு குரல். கொஞ்சம் கரகரப்பு, கொஞ்சம் அதிகாரம். "நாளைக்குப் பார்க்கலாம். எனக்குத் தலை வலிக்குது. சாப்டீங்களா?" ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத வாக்கியங்கள். பிறகு நீளமாக ஒரு பீப் ஒலி. குரல் பாதியிலேயே நின்றது.

கணினி சர்வர் அறையில் இருந்த கிடங்கு அக்கா திரையைப் பார்த்தாள். டிஸ்க் நிறைந்துவிட்டது. இனி ஒரு சொல்லை வைக்கக்கூட இடமில்லை.

தொண்டையில் அறுவை சிகிச்சை செய்து குரலை இழக்கப்போகிறவர்கள், அதற்கு முன்பாக வந்து பேசிப் பதிந்துவிட்டுப் போகும் நிலையம் அது. பதிந்த வாக்கியங்களை வைத்து ஒரு சின்னக் கருவி செய்து தருவார்கள். விரலால் எழுதினால் அவரவர் குரலிலேயே பேசும். அந்தக் குரல்களெல்லாம் தங்கியிருக்கும் டேட்டாபேஸைக் காப்பாற்றுவதுதான் அவளுடைய வேலை. எப்போது பார்த்தாலும் இடம், இடம் என்று பேசுகிறாளே என்று டாக்டர் கேலியாக வைத்த பெயர் கிடங்கு. அதுவே நிலைத்துவிட்டது.

இடத்தின் அருமை அவளுக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? வீட்டில் இரண்டே அறை. மாமியார், கணவர், இரண்டு பெண்கள். பெரியவள் தனி இடம் கேட்டு அழுதபோது, துணி அலமாரியைக் குறுக்கே நிறுத்தி, ஒரு பழைய போர்வையைத் திரையாகத் தொங்கவிட்டாள். வீட்டுச் சுவர் ஓர் அங்குலம்கூட நகராது. இங்கேயோ அவள் விரல் பட்டால் சுவர் நகரும். மின்விசிறிகளின் ஒரே சீரான இரைச்சலில் கண்ணை மூடினால், முகம் தெரியாத அத்தனை குரல்களும் தோளோடு தோள் சேர்ந்து தூங்குவதுபோல் அவளுக்குத் தோன்றும். யாரும் புரண்டு படுத்து அடுத்தவரை எழுப்பிவிடக் கூடாதே என்று மெதுவாகத்தான் தட்டச்சு செய்வாள்.

"உள்ளே வரலாமா தங்கச்சி?"

பதிவறையில் பேசிக்கொண்டிருந்த டீச்சரின் கணவர். பஸ் டிரைவராக இருந்தவர்.

"வாங்கண்ணே. உட்காருங்க."

"சேவ் ஆகலைன்னு பதிவு பண்ற பொண்ணு சொல்லுது. நாளைக்குக் காலையில ஆபரேஷன். இன்னிக்குத்தான் கடைசி."

"தெரியும்ணே. இடம் நிறைஞ்சுபோச்சு. பெருசு பண்ணிட்டா சரியாயிடும்."

"எங்க பஸ்ல இடம் இல்லேன்னா படியில நிக்கச் சொல்லுவோம்."

"இங்க படியும் நிறைஞ்சாச்சுண்ணே."

சிரித்தாள். ஆனால் ஒன்றை அவரிடம் சொல்லவில்லை. இடம் போதாமல், நகல் எடுக்கும் வேலையும் எப்போதோ நின்றுபோயிருந்தது. அதை இன்று காலையில்தான் கவனித்தாள். டீச்சர் இத்தனை வாரமாகப் பேசியது முழுவதும் இந்த ஒரே டிஸ்க்கில். இப்போது நகல் எடுக்க ஆரம்பித்தால் நாளைதான் முடியும்.

டிஸ்க்கின் அளவைக் கூட்டினாள். புதிய இடம் கடைசியில் வெறும் நிலமாகக் கிடந்தது. குரல்கள் இருக்கும் பகுதியை அதுவரை நீட்ட வேண்டும். பழைய எல்லையை அழித்துவிட்டு, அதே ஆரம்பத்திலிருந்து புதிய எல்லையை வரைய வேண்டும். உள்ளே இருப்பவர்களுக்கு எதுவும் தெரியாது. தூங்கும் குழந்தையைச் சுற்றி வீட்டை இடித்துக் கட்டுவதுபோல. டேட்டாபேஸை நிறுத்தினாள். வளையல்களைக் கழற்றி வைத்தாள். எல்லைகளைத் திரையில் ஒருமுறை காட்டச் சொல்லிவிட்டு, பழையதை அழித்தாள்.

எங்கிருந்து தொடங்கட்டும் என்று திரை கேட்டது. வழக்கம்போல் என்டரைத் தட்டினாள். முடிவு எங்கே என்று கேட்டது. அதற்கும் என்டர். எழுதி முடித்து, பகுதியைத் திறக்கச் சொன்னாள்.

இங்கே எதுவும் இல்லை என்றது திரை.

மறுபடியும் சொன்னாள். எதுவும் இல்லை.

"ஆச்சா தங்கச்சி?"

அவள் மூன்றாம் முறையும் திறக்கச் சொன்னாள். டிரைவர் அவள் முகத்தைப் பார்த்தார். ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும், வண்டி எப்போது கையை விட்டுப் போகிறது என்று.

"போயிடுச்சா?" என்றார் மெதுவாக. "மறுபடி பேசச் சொன்னா அவளால முடியாதும்மா. போன மாசம் இருந்த குரல்கூட இப்ப இல்ல. கருவியில வேற யாரோ ஒருத்தி பேசினா... முப்பது வருஷமா இந்தக் குரல்ல திட்டு வாங்கினவன் நான். புதுசா ஒருத்தி திட்டினா எனக்குக் கோவம் வந்துடும்."

அவருடைய கண்கள் நிறைந்தன. அவளுடையதும்தான். கண்ணீரின் ஊடே திரை மங்கலாக அலைந்தது. குரல்களெல்லாம் எழுந்து இருட்டில் சுவரைத் தடவித் தேடுவதுபோல் இருந்தது.

போகவில்லை, எங்கேயும் போகவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நான்தான் வாசலைத் தப்பான இடத்தில் வைத்துவிட்டேன்.

திரையை மேலே நகர்த்தினாள். அழிப்பதற்கு முன் காட்டச் சொன்ன எல்லை அங்கே அப்படியே இருந்தது. ஆரம்பம், டிஸ்க்கின் அறுபத்து மூன்றாவது கட்டம். என்டரைத் தட்டினால் இந்தக் காலத்து மென்பொருள் தானாக எடுத்துக்கொள்வது இரண்டாயிரத்து நாற்பத்தெட்டாவது கட்டம். இயந்திரம் மாற்றி இயந்திரம் மாற்றி அப்படியே தூக்கி வந்த பழைய பகுதி இது. பழைய வழக்கப்படி விளிம்பை ஒட்டியே தொடங்கியிருந்தது. அவள் கை அதை யோசிக்கவே இல்லை.

தப்பான எல்லையை அழித்தாள். இந்தமுறை என்டர் இல்லை. அறுபத்து மூன்று என்று தானே அடித்தாள்.

திரை ஒரு கேள்வி கேட்டது. இங்கே ஏற்கெனவே ஏதோ இருக்கிறது, அதன் அடையாளத்தை நீக்கிவிடட்டுமா?

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அத்தனை இனிமையான கேள்வியை யாரும் அவளிடம் கேட்டதில்லை.

"என்னம்மா கேக்குது?"

"உள்ள ஆள் இருக்காங்களாம்ணே. வெளியேத்தட்டுமான்னு கேக்குது."

"வேணாம்னு சொல்லும்மா."

வேண்டாம் என்றாள். எழுதினாள். பழுது இருக்கிறதா என்று சோதித்தாள், இல்லை. பிறகு பகுதியை அதன் புதிய எல்லைவரை விரித்தாள். பூட்டிய வீட்டில் ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறப்பதுபோல் எண்கள் வளர்ந்தன. டேட்டாபேஸை எழுப்பி, டீச்சரின் பெயரைத் தேடி, முதல் பதிவை ஒலிக்கவிட்டாள்.

"இந்த மனுஷனுக்கு ஒரு வேலையும் ஒழுங்கா செய்யத் தெரியாது."

டிரைவர் திகைத்துப் போனார். "முதல் முதலா இதையா பேசினா?"

"சொந்தமா ஒரு வாக்கியம் சொல்லலாம்னு சொல்லியிருப்பாங்கண்ணே."

அவர் சிரிக்கத்தான் நினைத்தார். தோள் குலுங்கியது, துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அவள் திரும்பிப் பார்க்காமல், நகல் எடுக்கும் வேலையைத் தொடங்கிவைத்தாள். அது முடிகிறவரை இங்கிருந்து எழுந்திருக்கப் போவதில்லை.

"இன்னொரு தடவை போடட்டுமாண்ணே?"

"வேணாம்மா." அவர் எழுந்தார். "ஆளு அங்கதான உட்கார்ந்திருக்கா. நேர்லயே கேட்டுக்கறேன். இன்னிக்கு ஒரு நாள் இருக்கில்ல."

பதிவறைப் பக்கம் வேகமாக நடந்தார். அவருக்குப் பின்னால் கதவு தானாகவே மூடிக்கொண்டது.