வக்கீல் குமாஸ்தா தைத்த ஒன்பது ரவிக்கைகள்

தையல் தொழிலில் ஒரு சங்கடம் உண்டு: நாம் செய்த தப்பை வாடிக்கையாளர் உடம்பில் மாட்டிக்கொண்டு ஊர் முழுக்க நடந்து காட்டிவிடுவார். மற்றத் தொழில்களில் தப்பைக் கட்டாகக் கட்டிப் பரணில் போட்டுவிடலாம். போளூரில் ஒரு வக்கீலிடம் பத்தொன்பது வருடம் குமாஸ்தாவாக இருந்தவன் நான். பரணில் போட்டவை எத்தனை என்று எனக்குத்தான் தெரியும்.

எழுபதுகளின் கடைசியில் பெரிய வக்கீல் கண் மங்கிப்போய் வீட்டோடு உட்கார்ந்துவிட்டார். எனக்கு அப்போது வயது நாற்பத்து நான்கு. அவர் இடத்துக்கு வந்த இளம் வக்கீல் என்னை வைத்துக்கொள்ளத் தயார்தான், ஆனால் வந்த அன்றே சொடக்குப் போட்டுக் கூப்பிட்டார். அந்தச் சத்தம் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. முன்பொரு வழக்குக்காக ஜவ்வாது மலைக்குப் போனபோது, ஜமுனாமரத்தூர் சந்தைப் பக்கம் தையல்காரரே இல்லாமல் ஜனங்கள் துணியைச் சுருட்டிக்கொண்டு போளூருக்கு இறங்கி வருவதைப் பார்த்திருந்தேன். என் மனைவி ரெஜினா கன்னியாஸ்திரீகளிடம் தையல் படித்தவள். அவள் தைப்பாள், நான் வாசலில் உட்கார்ந்து ஆள் பிடிப்பேன் என்று திட்டம் போட்டேன். "நீங்க மெஷின் மிதிக்கறதுன்னா வர்றேன். வேடிக்க பாக்கறதுன்னா இங்கயே உக்காந்து பாருங்க" என்று சொல்லிவிட்டாள். மூன்று மாதம் அவளிடமே படித்தேன். பள்ளிக்கூடத்தில்கூட அவ்வளவு திட்டு வாங்கியதில்லை.

நான் கிளம்பும்போது இளம் வக்கீல் சிரித்துக்கொண்டே, ஆறு மாதம் என் நாற்காலியை யாருக்கும் தரமாட்டேன் என்றார். ஆறு மாதத்தில் கடை நிற்காவிட்டால், இருபத்தெட்டு வயதுக்காரருக்குப் பின்னால் கேஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு மறுபடி கோர்ட்டுப் படி ஏற வேண்டும். நடு வயதில் தொழில் மாற்றிய அன்பர்களுக்கு அந்த நாற்காலியைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. உங்களுக்கும் எங்கேயோ ஒன்று காலியாகக் காத்துக் கிடந்திருக்கும்.

கைநாட்டு

முதல் சந்தை நாளில் நான்கு பேர் துணியோடு வந்தார்கள். குமாஸ்தா புத்தி சும்மா இருக்குமா? தடிமனான நோட்டில் 'மேற்படி நபர் மேற்படி துணியைத் தைக்கக் கொடுத்தது நிஜம்' என்று எழுதி, மை அட்டையை நீட்டினேன். முதல் ஆள் மட்டும் கட்டை விரலை வைத்தார். மற்ற மூன்று பேரும் துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டு நடையைக் கட்டினார்கள். அடுத்த இரண்டு சந்தைக்கும் என் கடைப் பக்கம் ஒரு ஈ, காக்கை இல்லை.

ரெஜினாதான் புளி விற்கும் அம்மாவிடம் பேச்சுக் கொடுத்து விஷயத்தைக் கறந்து வந்தாள். மலையில் கைநாட்டு வைத்தவர்களுக்கு நிலம் போயிருக்கிறது. அப்படிப்பட்ட பத்திரங்களில் சிலவற்றை முத்து முத்தான கையெழுத்தில் எழுதியவன் நான்தான். அதை நினைத்தபோது உடம்பு கூசியது. மை அட்டையை அன்றே குப்பையில் போட்டேன். அதற்குப் பிறகு துணியின் ஓரத்தில் ஒரு துண்டு வெட்டி, கொடுத்தவர் கையிலேயே கொடுத்துவிடுவது என்று வைத்துக்கொண்டோம். துண்டும் சட்டையும் ஒத்துப்போனால் சரி. புளிக்கார அம்மா சொன்னதை ரெஜினா அப்படியே என்னிடம் ஒப்பித்தாள்:

"சட்டை தைக்கறவரா அவுரு? நம்ம நெலத்தை இல்ல அளவு எடுக்கறாரு."

ஒரு கால் குட்டை

துணிந்து வந்த முதல் ஆள் சடையன் என்கிற விவசாயி. நான் நோட்டில் எழுதியதைப் பார்த்து மலையில் எனக்கு விழுந்திருந்த 'ரைட்டர்' என்ற பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, காக்கித் துணியில் அரைக்கால் சட்டை கேட்டார். ரெஜினா உதவி இல்லாமல் நானே வெட்டி நானே தைத்த முதல் உருப்படி அது. தேய்த்து மடிக்கும்போதுதான் பார்த்தேன், ஒரு கால் இரண்டு விரல் குட்டை. நீளமான காலைக் குறைக்கலாம் என்று வெட்டினேன். இப்போது அது குட்டையாகிவிட்டது. இன்னும் இரண்டு தடவை இப்படிச் சமன் செய்தால் கோவணம்தான் மிஞ்சும் என்று ரெஜினா கத்தரியைப் பிடுங்கிக்கொண்டாள்.

சடையன் வந்ததும் உள்ளதைச் சொல்லிவிட்டேன். வேறு துணி வாங்கித் தைத்துத் தருகிறேன் என்றேன். அவர் அதைப் போட்டுக்கொண்டு கடைக்கு எதிரே இருந்த மேட்டில் ஏறினார், இறங்கினார், ஒருமுறை குனிந்து பார்த்தார்.

"சரிவுல ஏர் ஓட்றவனுக்கு ரெண்டு காலும் ஒரே மட்டமா எங்க நிக்குது? வுடுங்க ரைட்டரே, இது சரியாத்தான் கீது."

முழங்கை ஆழப் பாக்கெட்

நான்காவது மாதம் வெள்ளையன் என்பவர் வந்தார். சட்டையில் முழங்கை வரை கை போகிற ஆழத்துக்குப் பாக்கெட் வேண்டும் என்றார். எதற்கு என்று கேட்டேன். சாமை விதைக்கும்போது இடுப்பில் கட்டும் துணி மடி அவிழ்ந்து அவிழ்ந்து விழுகிறதாம். விதையைப் பாக்கெட்டில் நிரப்பிக்கொண்டால் கை பாட்டுக்கு வீசிக்கொண்டே போகலாம். போளூரில் இரண்டு தையல்காரர்களிடம் கேட்டிருக்கிறார். இரண்டு பேரும் சிரித்து அனுப்பிவிட்டார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சிரிக்கிற அளவுக்கு எனக்குத் தொழில் தெரியாது என்பதுதான் காரணம். சாக்குத் துணியை உள்பக்கம் கொடுத்து, இரட்டைத் தையல் போட்டுக் கொடுத்தேன். அடுத்த சந்தைக்கு அதே மாதிரி சட்டை கேட்டு ஏழு பேர் வந்து நின்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அவர்களுக்கு முன்னால் நின்று வெள்ளையன் கடைக்கு விளம்பரமே செய்தார்:

"கீழ இருக்கறவங்க பேனா குத்தத்தான் பாக்கெட் வெப்பாங்க. எங்கிட்ட பேனா இருந்தா நான் இன்னாத்துக்கு சாமை வெதைக்கறேன்?"

ஒன்பதுக்கு ஒன்று

ஆனால் ஆண்கள் வருடத்துக்கு ஒரு சட்டை தைப்பவர்கள். பெண்கள் வந்தால்தான் தையல் கடை நிற்கும். ஐந்து மாதமாகியும் ஒரு பெண்கூட ரவிக்கைத் துணியோடு வரவில்லை. இளம் வக்கீலிடமிருந்து, நாற்காலியைத் துடைத்து வைத்திருப்பதாகக் கடுதாசி வந்துவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் குள்ளம்மா வந்தார், ஆறு மைல் தள்ளியிருந்த ஊரிலிருந்து. அவர் கொழுந்தன் மகனுக்குக் கல்யாணம். அவரையும் சேர்த்து மாப்பிள்ளை வீட்டுப் பங்காளிப் பெண்கள் ஒன்பது பேருக்கும் ஒரே சிவப்புச் சீட்டித் துணியில் ரவிக்கை. ரெஜினா தங்கையின் பிரசவத்துக்காகப் போளூருக்குப் போயிருந்தாள். குள்ளம்மா மொத்தத் துணியையும், அளவுக்கென்று தன் ரவிக்கை ஒன்றையும் வைத்தார். மற்ற எட்டுப் பேர் அளவு எங்கே என்று கேட்டேன். அவர் முகம் மாறிவிட்டது. கல்யாணத் துணி என்றால் பங்காளி வீடுகளுக்கு ஒரு விரற்கடைகூட வித்தியாசம் இருக்கக் கூடாது. இருந்தால் அந்தச் சண்டை அடுத்த தலைமுறைக்கும் போகும். வந்த முதல் பெண் வாடிக்கையாளரைக் கோபப்படுத்த எனக்குத் தைரியம் இல்லை. ஒன்பதையும் ஒரே அளவில் வெட்டித் தைத்து, கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னதாகவே அனுப்பி வைத்தேன். நான் அளவு கேட்ட அன்றைக்குக் குள்ளம்மா திருப்பிக் கேட்ட கேள்வி இதுதான்:

"ஒருத்திக்குக் கூடவும் ஒருத்திக்குக் கொறச்சலும் வெட்டுவீங்களா? பங்காளி வூட்ல சண்டை மூட்டவா மலை ஏறி வந்தீங்க?"

என் முதல் வாதம்

ரவிக்கைகளை அனுப்பிய மறுநாள் காலையில் ரெஜினா திரும்பி வந்து, நடந்ததைக் கேட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள். அவள் கையை எடுப்பதற்குள் அந்த ஊரிலிருந்து இரண்டு ஆட்கள் வந்துவிட்டார்கள். ஒருத்திக்குத் தொளதொளவென்று இருக்கிறதாம், ஒருத்திக்குக் கையே நுழையவில்லையாம். ரைட்டர் சிலருக்குத் துணியைக் கூட்டி, சிலருடையதைத் திருடிவிட்டார் என்று ஒன்பது வீடும் பேச்சு வார்த்தை இல்லாமல் நிற்கிறதாம். ஊர்ப் பஞ்சாயத்துக்குத் தலைவரான ஊர்க்கவுண்டர் கையோடு அழைத்துவரச் சொன்னாராம். நாற்காலி என் கண் முன்னால் வந்து நின்றது. ரெஜினா மெஷினை மூங்கிலில் கட்டச் சொன்னாள். அவர்கள் இரண்டு பேரும் அதைப் பிணம் மாதிரி தூக்கிக்கொண்டு முன்னால் போக, நாங்கள் பின்னால் நடந்தோம்.

ஊர் நடுவில் கூட்டம் உட்கார்ந்திருந்தது. பத்தொன்பது வருடம் கோர்ட்டுக்குப் போனவன் நான், ஒரு நாளும் அங்கே வாய் திறந்ததில்லை. குமாஸ்தாவுக்கு அந்த உரிமை கிடையாது. அன்றைக்குத் திறந்தேன். ஒன்பது ரவிக்கையையும் உள்பக்கம் வெளியே தெரியத் திருப்பிப் பாயில் பரப்பி, குள்ளம்மாவையே சாண் போட்டு அளக்கச் சொன்னேன். ஒன்றுக்கொன்று இம்மிகூட மாறவில்லை. பிறகு தையல் ஓரத்தைக் காட்டினேன். மனு எழுதும்போது நீதிபதி குறிப்பு எழுத ஓரத்தில் தாராளமாக இடம் விடுவது என் கைப்பழக்கம். துணியிலும் அப்படியே இரண்டு விரல் உள்ளே விட்டிருந்தேன். துணி எல்லாருக்கும் சமம், அவரவர் உடம்புக்குத் தக்கபடி அது உள்ளே மடிந்திருக்கட்டும், பிரித்துத் தைத்துத் தருகிறேன் என்றேன்.

ரெஜினா ஒரு வீட்டுக்குள் உட்கார்ந்து நூலில் முடிச்சுப் போட்டு ஒவ்வொருத்திக்கும் அளவெடுத்து அனுப்பினாள். நான் புளியமரத்தடியில் பிரித்தேன், பிடித்தேன், மிதித்தேன். பொழுது சாய்வதற்குள் ஒன்பது பேரும் ஒரே சிவப்பில், ஒருத்திக்கும் குறை இல்லாமல் போட்டுக்கொண்டு வந்து நின்றார்கள். பேசாமல் இருந்த வீடுகள் பேச ஆரம்பித்தன. ஊர்க்கவுண்டர் எழுந்து தீர்ப்புச் சொன்னார்:

"துணி ஒண்ணு, ஒடம்பு ஒம்போது. ரைட்டரு மேல தப்பு இல்ல. கல்யாணத்துக்கு இருந்து சாப்ட்டுட்டுப் போங்க."

நாற்காலி

சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தோம். கல்யாணத்துக்குச் சுற்று ஊர்களிலிருந்தெல்லாம் ஜனங்கள் வந்திருந்தார்கள். ஒன்பது ரவிக்கையும் அவர்களுக்கு நடுவே நடமாடிக்கொண்டிருந்தன. அடுத்த சந்தை நாளில் கடை வாசலில் பதினான்கு பெண்கள். ஒவ்வொருத்தி கையிலும் முடிச்சுப் போட்ட நூல், வீட்டிலேயே அளவெடுத்துக்கொண்டு வந்திருந்தார்கள். நான் சந்தோஷத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். சொல்வதற்கு வெட்கமில்லை.

அன்று மத்தியானமே இளம் வக்கீலுக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். மேற்படி நாற்காலியின் மீது எனக்கு உள்ள சகல பாத்தியதைகளையும் சுயநினைவோடும் முழுச் சம்மதத்தோடும் விட்டுக்கொடுக்கிறேன் என்று நான்கு பக்கம் ஆகிவிட்டது. ஐந்தாவது தாளை எடுத்தபோது ரெஜினா மெஷினை நிறுத்திவிட்டுத் திரும்பினாள்.

"வர்லன்னு ஒரு வரி எழுதுங்க போதும். பதினாலு பேரு காத்துக்கினு இருக்காங்க, நீங்க இன்னும் குமாஸ்தாவாவே உக்காந்துனு இருக்கீங்க."

பத்தொன்பது வருடம் கோர்ட்டு வாசலைத் தேய்த்தவன் வாழ்க்கையில் வாதாடி ஜெயித்த ஒரே வழக்கு ரவிக்கை வழக்குத்தான் என்பதைக் கேட்டு, நடு வயதில் தொழில் மாற்றத் தயங்கி நிற்கும் அன்பர்கள் சிரித்து முடித்துவிட்டுத் தாராளமாகக் கிளம்பலாம்.